கோதண்டம் அண்ணன் அன்று வண்டியை நிறுத்தினார்

கோதண்டம் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் ஒன்பது வருடம் கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர். அதற்கு முன்பு ஸ்கூல் பஸ் டிரைவர். பழைய மாணவர்களுக்கு பஸ் அங்கிள் என்றால்தான் தெரியும்.

காலையிலிருந்து பள்ளி வாட்ஸப் குரூப்பில் மாலைப் படங்களும் கைகூப்பிய படங்களும். நடுவில் ஒரு பழைய மாணவன் எழுதியிருந்தான். "பாவம் அங்கிள். அன்னிக்கு போலீஸ் செக்கிங்ல ஓடாம நின்னிருந்தா கை நல்லா இருந்திருக்கும்."

அதைப் படித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

அது நடந்தது ஒன்பது வருடத்துக்கு முன்பு. அப்போது நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். அவரும் அதே ஊர். நான் ஸ்கூட்டியில் நெய்வேலிக்கு வருவேன், அவர் மொபெட்டில் வந்து பஸ்ஸை எடுப்பார்.

அன்று எட்டாம் வகுப்புக்குப் பரீட்சை. அவசரத்தில் ஹெல்மெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஒரு வளைவு திரும்பியதும் செக்கிங். ஒரு கான்ஸ்டபிள் லத்தியை நீட்டி ஓரம் கட்டச் சொன்னார்.

பார்க்காதது போல முறுக்கினேன். லத்தியை வீசினார். என் மேல் படவில்லை.

"ஏய்... நில்லுடி!"

நிற்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் வந்த மொபெட் வேகம் குறைந்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. என்னைத் தவறவிட்ட ஆத்திரத்தில் அந்தக் கான்ஸ்டபிள் திரும்பி, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அந்தக் கை மேல் லத்தியை இறக்கினார். வண்டியோடு சாய்ந்தவருக்கு இன்னொரு அடி.

"நிறுத்திட்டேன் சார்... நிறுத்திட்டேனே சார்..."

குரல் யாருடையது என்று தெரிந்தது. அப்படியும் நான் நிற்கவில்லை. போய்க் கேள்வித்தாள் கொடுத்தேன்.

இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பஸ்ஸில் கியர் போடும் கை. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்தார். அண்ணன் கேட்டுக்குப் போனார்.

புது டிரைவர் வந்த முதல் வாரம் அண்ணன் கூடவே பஸ்ஸில் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. "இந்தப் பாப்பா எறங்குனதும் பஸ்ஸுக்கு முன்னாடிதான் ஓடும், பாத்துக்கினு எடுப்பா" என்று டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பிளாக்கிலும் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

போலீஸ் தரப்பில் சொன்னது, நிறுத்தாமல் ஓடப் பார்த்தார், விழுந்துவிட்டார் என்று. வக்கீலாக இருந்த ஒரு பெற்றோர் அதை விடவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கே வந்து கேட்டார்.

"டீச்சர்ஸ்ல யாராவது அந்த ரோட்டுல வர்றீங்களா? அவர் நிறுத்தினார்னு ஒருத்தர் சொன்னா போதும், கேஸ் நிக்கும்."

நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

ஸ்டேஷன், கோர்ட் என்று அலையணுமே என்ற பயம். ஓடியது நான் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம். அது பெரிய பயம்.

புகார் அப்படியே அமுங்கிப் போனது.

அதன்பிறகு தினமும் அவர் கேட்டைத் திறப்பார், நான் உள்ளே போவேன். "ஹெல்மெட் போட்டுக்கினு வாங்க மிஸ், இந்தப் பக்கம் லாரி ஜாஸ்தி" என்பார். தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா... எனக்குப் புரியவே இல்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு சாயங்காலம், கேட்டில் யாரும் இல்லாதபோது வாய் திறந்தேன்.

"அண்ணே... அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி போன வண்டி..."

"தெரியும் மிஸ்."

அவரே கேட்டார்.

"வக்கீல் சார் வந்து கேட்டப்போ நீங்க உள்ளதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ம்..." என்றார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

மறுநாளும் எனக்குக் கேட்டைத் திறந்தார், வணக்கம் சொன்னார். ஹெல்மெட் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கையி போனதுகூட அவுருக்குப் பெருசு இல்ல மிஸ். நின்னேன் நின்னேன்னு சொன்னாரு, எவனும் நம்பல. எங்க அண்ணனே, 'ஏன்யா ஓடுன'ன்னு பந்தியில வச்சிக் கேட்டுது. அத்தோட எங்க அம்மா வூட்டுப் பக்கமே அவுரு வந்ததில்ல."

நான் சொன்னேன். "அவரு நின்னாரு அக்கா. ஓடினது நான். கண்ணாடியில பார்த்தேன்."

கையை எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பந்தல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க வா. வந்து கேளு."

அவர் அண்ணன் வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மிஸ். சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். கோதண்டம் அண்ணன் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னேன். அக்கா என்னிடம் உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

பள்ளி குரூப்பிலும் இதை அப்படியே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் ஷேர் செய்யலாம்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

போயிட்டு வாங்க அண்ணே...