தங்கையின் தட்டில் தள்ளிய மட்டி

நேற்றுப் பகல் ஒன்றரை மணிக்கு, மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் என் மகள் மட்டிச் சிப்பி வறுவல் கேட்டாள். தட்டு வந்ததும் ஓடுகளிலிருந்து எழுந்த உப்பு வாடை என்னை, நான் பிறந்து வளர்ந்த முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோயிற்று.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்கு ஒன்பது வயது, தங்கை மல்லிகாவுக்கு ஆறு. கழிமுகத்துத் தண்ணீர் நான்கு நாட்களாகச் செம்மண் கரைத்ததுபோல் சிவந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்த மட்டியைத்தான் அம்மா வாங்கினாள்.

"இன்னாக்கா, தண்ணி நெறமே சரியில்ல. இத்தப் போய் வாங்கினு வந்துகீற?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வேவுறப்போ வாய் தொறந்தா நல்ல மட்டி. எல்லாம் தொறந்துகினு கீது, வந்து பாரு" என்றாள் அம்மா. இருந்தாலும் புளியைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாள்.

மட்டியில் நறநறக்கும் மணல் எனக்குப் பிடிக்காது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் பங்கு முழுவதையும் மல்லிகாவின் தட்டில் தள்ளினேன்.

"நெஜமா எனக்கா, அக்கா?" என்று கேட்டுவிட்டு அவசரமாகத் தின்றாள்.

சாயங்காலம் உதடு மரத்துப்போகிறது என்றாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ்ஸிலேயே அவளுக்கு மூச்சு நின்றது. அம்மாவுக்கு வாந்தியோடு போயிற்று. என் பங்கைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் மட்டியைத் தொட்டதில்லை. என் தட்டில் விழுந்த எதையும், பிடிக்காவிட்டாலும், இன்னொருவருக்குக் கொடுத்ததுமில்லை.

மகள் இரண்டை மட்டும் தின்றாள். "மணலா கீதும்மா, நீயே சாப்டு" என்று மீதியை என் தட்டில் தள்ளினாள்.

ஒன்றுவிடாமல் தின்றேன்.