எச்சில் தொட்ட டிக்கெட்

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கை மலைநாட்டில், அட்டனிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில், தோட்ட வேலையை விட்டு வேறு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். காக்கிக் கோட்டு, தோளில் தோல் பை, காதில் பென்சில். டிக்கெட்டைக் கிழிக்குமுன் கட்டைவிரலை நாக்கில் ஒரு தொடு தொடுவேன். அதைக்கூட ஸ்டைலாகச் செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஐம்பத்தேழில் ஆசியக் காய்ச்சல் வந்தது. முதலில் கொழும்பில் என்றார்கள். பிறகு அட்டனுக்குப் பக்கத்து வட்டவளையில் என்றார்கள். கொஞ்ச நாளில் என் பஸ்ஸிலேயே ஏறிவிட்டது. மழைக்காலம் வேறு. பஸ் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டும் தார்ப்பாய்தான். அதை இறக்கிக் கட்டிக்கொண்டு, ஈரக் கம்பளியும் வெற்றிலை வாசமுமாக ஜனங்கள் நெருக்கி நிற்பார்கள். நடுவில் நான் நெளிந்து போகவேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் முகத்திலேயே இருமுவார். திரும்பினால் அந்தப் பக்கத்துக்காரர் தும்முவார்.

ஒருநாள் லிந்துலையில் ஏறிய அம்மா ஒருவர், நான் நீட்டிய டிக்கெட்டை வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது எனக்கு வேணாம் தம்பி."

"ஏங்க, டிக்கெட் இல்லாம எப்படிப் போவீங்க?"

"நாக்குல தொட்டு எடுத்தத நான் பாத்தேன். எம்மக புள்ள பெத்து பத்து நாளாகுது. அங்கதான் போறேன். ஒங்க எச்சிய அந்தப் பச்சப்புள்ளைக்குக் கொண்டு போகச் சொல்றீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வேறு டிக்கெட் கிழிக்கப் போனால், பாழாய்ப்போன விரல் தன்னாலேயே வாய்க்குப் போகிறது. மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மா பக்கத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா, மழ சும்மாதானே பெய்யுது. இதுல நனச்சுக்கங்க."

விரலை மழையில் நீட்டி நனைத்து டிக்கெட் கொடுத்தேன். வெளிக்காற்று முகத்தில் அடித்தபோதுதான், அதுவரை எத்தனை பேர் விட்ட மூச்சை நான் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. மறுநாள் முதல் பையில் ஈரத்துணித் துண்டு ஒன்று வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் போகும் பஸ்ஸின் கண்டக்டர் என் கூட்டாளி, என் வயதுதான். ஒரு காலையில் அட்டன் பஸ் ஸ்டாண்டில் கண் சிவந்து, பல் கிட்டிக்க நின்றான். லீவு கேட்டதற்கு, பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"காய்ச்சல் ஊருக்கே இருக்கு. நீ போகாட்டி ஒன் எடத்துக்கு நாலு பேரு நிக்கிறான்."

அவன் போனான். லிந்துலையில் பஸ் நின்றதும் மிதிபலகையிலேயே சரிந்து விழுந்துவிட்டான். பின்னால் வந்த நாங்கள் பார்த்தபோது தேத்தண்ணிக் கடை பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"இன்னும் பாதிப் பேருக்கு டிக்கெட் குடுக்கலடா" என்றான்.

எங்கள் டிரைவர் சிங்களவர், வாட்டசாட்டமான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவனைக் குழந்தை மாதிரித் தூக்கி முன் சீட்டில் சாய்த்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். பயணிகள் பின்பக்கம் ஒதுங்கினார்களே தவிர ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அட்டனுக்குத் திரும்பியதும் அவர் நேரே டைம் கீப்பரின் மேசைக்குப் போனார்.

"அந்தப் பையனுக்கு லீவு போடுங்க. வேலையும் அவனுக்கே இருக்கணும். அப்புறந்தான் என் பஸ் போகும்."

"அவன் என்ன ஒன் தம்பியா?"

"இல்ல. ஆனா நாளைக்கி இவன் விழுவான்" என்று என்னைக் காட்டினார்.

நானும் வாயைத் திறந்துவிட்டேன். "டிக்கெட்ட நான் கீழ நின்னே குடுக்கிறேங்க. ஒக்கார எடம் இருக்கிற வரைக்குந்தான் ஏத்துவேன். தார்ப்பாயச் சுருட்டியே வச்சிருப்போம்."

"பஸ் லேட்டாகும்."

"ஆகட்டுங்க."

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குள் மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள். டைம் கீப்பர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பத்து நாள் லீவு எழுதினார்.

அடுத்த சில வாரங்கள் குடை பிடித்தபடி ரோட்டில் நின்று டிக்கெட் கொடுத்தேன். இடம் கிடைக்காதவர்கள் என்னை வைதார்கள். இடம் கிடைத்தவர்கள் குளிருக்காக வைதார்கள். இத்தனைக்குப் பிறகும் எனக்கும் காய்ச்சல் வரத்தான் செய்தது. நாலு நாள் லயத்துக் காம்பராவில் கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது படுத்தவனுக்குத்தான் தெரியும்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று தலவாக்கலைக் கடையில் கூட்டாளியைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தான். கோட்டு அவனுடைய அண்ணனுடையது போலத் தொங்கியது. முன்னால் ரொட்டித் தட்டு.

"எத்தனையாவதுடா?" என்று கேட்டேன்.

"எண்ணாத" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் கேட்டான்.