செபஸ்தியாரின் விலாவில் அட்டை

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், வேறொருவர் சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்து போயிருப்பேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போய்ப் பட்டம் எடுத்தவன் நான், விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், பேய் பிசாசு புதுமை எதையும் ஏற்றுக்கொண்டதில்லை, கோயிலுக்குப் போவதும் அம்மாவுக்காகத்தான்.

தங்கச்சி பிரிஸ்கா டெங்குக் காய்ச்சலில் கண்டியில் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். பல் ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. இன்றையப் பொழுதைத் தாண்டினால்தான் எதுவும் சொல்லலாம் என்று டாக்டர் சொன்னதும் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"தோட்டத்துக்குப் போ தம்பி. செபஸ்தியாருக்கு ஒரு அம்ப புடுங்கி கழுவிட்டு வா."

புசல்லாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அப்படியொரு வழக்கம். செபஸ்தியார் உரோமைப் படையில் இருந்தவர், கிறிஸ்தவ வேதத்தை விடவில்லை என்று மரத்தில் கட்டி அம்பெய்தார்கள், அடக்கம் செய்ய வந்த விதவை ஒருத்தி மூச்சிருப்பதைக் கண்டு அம்புகளைப் பிடுங்கி அவரைப் பிழைக்கவைத்தாள். அதனால் வீட்டில் யாருக்காவது நோய் வருத்தம் கடுமையானால், வீட்டார் ஒருவர் அவருடைய சுரூபச் சிலையிலிருந்து ஓர் அம்பைப் பிடுங்கிக் கழுவி மறுபடி செருகவேண்டும். பிழைத்தவரைப் பிறகு அடித்தே கொன்று சாக்கடையில் வீசினார்கள், அதை மட்டும் யாரும் சொல்வதில்லை, நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கோயில் சாவியோடு உபதேசியார் அந்தோனி மாமா வந்தார்.

"என்னா சேர், சயன்ஸ் படிச்சவருக்கும் கடைசில இந்த வழிதானா?"

பிரிஸ்காவைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எத புடுங்குறதுன்னு யோசிக்காத. கை போறத புடுங்கு."

மத்தியானம்தான், ஆனால் அடைமழையில் மங்கிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் ஊசிப்போன தேங்காயெண்ணெயும் சேர்ந்த நாற்றம், எனக்குச் சாக்கடைதான் ஞாபகம் வந்தது. காலங்காலமாக அம்புக் காயங்களில் எண்ணெய் பூசிப் பூசி, துளைகளைச் சுற்றிக் கறுப்புக் கசடு, அதில் செத்த எறும்பும் யாருடையதோ தலைமுடியும். இடது விலா அம்பை இழுத்தேன். சளக் என்று வந்தது. துளைக்குள் ஏதோ நெளிந்தது.

அட்டை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அட்டை புதிதா, கொழுந்து எடுத்து வரும் அம்மாவின் காலில் எத்தனையோ பிடுங்கியிருக்கிறேன். இரத்தம் குடிக்காத அட்டை நூல் மாதிரி இருக்கும். இது என் பெருவிரல் மொத்தத்துக்கு ஊதிப் பளபளத்தது, வாய் சாந்துக்குள் கவ்வியிருந்தது. சாந்துச் சிலையில் குடிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

"இழுக்காத! சவர்க்காரத்த வையி," என்றார் மாமா.

அம்பு கழுவக் கொண்டுவந்த சவர்க்காரத்தைத் தேய்த்ததும் அது பொத்தென்று விழுந்தது. ஆத்திரத்தில் செருப்பால் மிதித்தேன். சிவப்பு இரத்தம் பீறி என் கால்விரல்களில் தெறித்தது, சுடச்சுட. வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

"வௌவால கடிச்சிருக்கும்," என்றார் மாமா. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் அப்படித்தான் நினைக்க முயன்றேன், அம்பைக் கழுவிச் செருகிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரிஸ்காவின் ஈறுகளில் கசிவு நின்றிருந்தது. இந்தக் காய்ச்சல் சிலருக்கு இப்படித் திடீரென்று திரும்பும் என்றார் டாக்டர். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா என்னை ஓரமாக இழுத்தார்.

"நர்ஸ் மிஸ் ஏசுறாங்க தம்பி, புள்ளைக்கு அட்ட கடிச்சிருக்காம். நீ போன பொறகுதான். கட்டிலெல்லாம் ஒதறிப் பாத்தாச்சு, ஒன்னுமே இல்ல."

மூன்றாம் மாடி வாட்டில் அட்டையா? பிரிஸ்காவின் உடுப்பை அம்மா லேசாக உயர்த்திக் காட்டினார். இடது விலாவில் மூன்று முனைக் கடிவாய், அட்டைக்கடியேதான்.

பிரிஸ்கா இப்போது நன்றாக இருக்கிறாள், கடைக்கு வேலைக்குப் போகிறாள், அந்தத் தழும்பை வைத்து என்னைச் சீண்டவும் செய்கிறாள். "அண்ணே, அன்னைக்கு நீ மிதிச்சது என் ரத்தத்தயா, அவரு ரத்தத்தயா?"

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும், மழை பெய்யும் நாளில் அந்தக் கால்விரல்களில் அதே சூடு தெரிகிறது.