சூடு பார்க்கும் முழங்கை

உப்புத் தண்ணீரில் திராட்சைக் கொத்தை அமிழ்த்தியதும் தண்ணீர் வெளுத்துக் கலங்கியது. மருந்து வாடை.

முன்பு காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு அத்தா வரும்போதும் இதே வாடைதான் வரும். பழத்தை அம்மா உப்புத் தண்ணீரில் போடுவாள். அத்தாவின் காலுக்கு வெந்நீர். சர்க்கரை வந்து அவருக்குப் பாதம் மரத்திருந்தது. ஒருமுறை கொதிக்கிற நீரில் வைத்துத் தோல் உரிந்தது; அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதிலிருந்து கேட்காமல் கால் வைக்கமாட்டார்.

"சைனம்பு, சூடு பாத்தியா?"

அம்மா முழங்கையை முக்கிப் பார்ப்பாள். "பதமாத்தான் இருக்கு, வைங்க." கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் முந்தானையால் ஒற்றி எடுப்பாள். நின்றால் புண் வரும் என்பாள்.

அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று அத்தா அழவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயது எனக்கு, நானும் அழவில்லை. சின்னம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். காலைத் தூக்கியபடியே அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

"சைனம்பு, சூடு பாத்தியா?"

"அவளத்தான் கூப்புடுறாக," என்று சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய் முழங்கையை முக்கினேன்.

"பதமாத்தான் இருக்கு, வைங்கத்தா."

வைத்தார்.

இத்தனை வருஷம் கழித்து, இன்று திராட்சையை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் வெந்நீர் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தா கூப்பிட்டார்.

"சைனம்பு, சூடு பாத்தியா?"

போய் முழங்கையை முக்கினேன்.

"பதமாத்தான் இருக்கு, வைங்க."

அத்தா என்று சேர்த்துச் சொல்வதை விட்டு வெகுநாளாகிறது.