அத்தையின் கல்யாணத்துக்கு ஒரு ராகம்

எங்கள் பெரியப்பாவுக்கு இங்கிலாந்தில் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள். எல்லாருமே செத்துப்போனவர்கள், எல்லாருமே வேதக்கோயிலில் ஆர்கன் வாசித்தவர்கள். பெரியப்பாவுக்குப் போர்ட் பிளேரில் மரக்கிட்டங்கியில் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கால் ஆர்மோனியம். அவருடைய ராகப் புத்தகத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் மேலே, வலது மூலையில், அதைப் போட்டவரின் பெயரும் பிறந்து இறந்த வருஷங்களும் இருக்கும். அந்த மூலைகளைப் படித்துப் படித்தே உறவு கொண்டாடிவிட்டார்.

“விக்டோரியா மகாராணி காலத்து ஆளுக, ஏட்டி. ஞாயித்துக்கெழம கோயில்ல வாசிப்பாக, மத்த நாள்ல துரை வீட்டுப் பிள்ளையளுக்குப் பியானோ பாடம். சம்பளம் நம்மளப் போலத்தான் இருக்கும்” என்பார்.

புத்தகத்தில் பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் ஆறு ராகங்கள். அதற்காக அவர் கலங்கவில்லை. அந்த ராகங்களில் ஒரு வசதி உண்டு. வரிக்கு எத்தனை அசை என்று எண் போட்டிருக்கும். எண் ஒத்துப்போனால் எந்தப் பாட்டையும் எந்த ராகத்திலும் பாடலாம். ஆறை வைத்துக்கொண்டே ஞானஸ்நானம், அறுப்புப் பண்டிகை, அடக்கம் எல்லாவற்றையும் ஓட்டினார். அதில்தான் வினை வந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கென்றே வைத்திருந்த ராகத்தை, எண் ஒத்துப்போகிறதே என்று, தாத்தாவின் அடக்கத்துக்கு வாசித்துவிட்டார்.

அடுத்த தை மாதம் அத்தைக்குக் கல்யாணம். அத்தை பெரியப்பாவுக்குக் கடைசித் தங்கை.

“அண்ணே, அப்பாவக் குழியில எறக்குன ராகத்துல எனக்குத் தாலி ஏற வேண்டாம். வேற ராகம் இல்லன்னா கல்யாணமும் வேண்டாம்.”

“ராகம் என்னட்டி செஞ்சுது?”

“ராகம் ஒண்ணும் செய்யல. நீங்கதான் செஞ்சிய.”

பெரியப்பா மிச்ச ஐந்தையும் புரட்டிப் பார்த்தார்; கல்யாணப் பாட்டின் எண்ணுக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. தாளைப் பார்க்காமல் ஒரு கட்டையும் அழுத்தத் தெரியாத மனுஷர் அவர். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் புதுப் புத்தகம் வந்து சேர்வதற்குள் கல்யாண நாளே போய்விடும்.

துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் லஸ்கர் வேலை பார்த்த ஒரு நிக்கோபார்க்காரர், கார் நிக்கோபார் தீவில் கோயில் பாடகராக இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பாவின் ஹிந்தி, கிட்டங்கியில் கூலியாட்களைக் கூப்பிடுவதற்கே போதாது. பள்ளியில் ஹிந்தி படித்த என்னைக் கையோடு கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது.

கப்பல் ஜெட்டியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடாததையும் சேர்த்தே சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார். எங்கள் கல்யாணப் பாட்டின் அசைகளை விரல்விட்டு எண்ணினார். அப்புறம், தன் மொழியில், வரி வரியாகப் பாடினார். பெரியப்பா டோ ரே மீ என்று அட்டையில் குறித்துக்கொண்டே என் தோளைக் குலுக்கினார்: “பாத்தியா! இதுவும் நம்ம ஆளுக போட்டதுதான்!”

கிளம்பும்போது பெரியப்பாவுக்குச் சந்தேகம். “இது சாவுக்குப் பாடுறதான்னு ஒரு வார்த்த கேட்டுருட்டி.”

கேட்டேன்.

“நஹீ பேட்டி. ஷாதி கா ஹை” என்றார் அவர். கல்யாணப் பாட்டுதானாம்.

ராகத்துக்கு ஊர்ப்பெயர் வைப்பது அந்த ஆர்கன்காரர்களின் வழக்கம். பெரியப்பாவும் விடவில்லை. வெற்றுத் தாளில் அதை எழுதி, போர்ட் பிளேர்க் கடைத்தெருவை நினைத்து ‘அபர்டீன் பஜார்’ என்று பெயர் வைத்தார். வலது மூலையை மட்டும் காலியாக விட்டார்.

கல்யாணத்தன்று நாங்கள் தமிழில் பாட, மரம் வெட்ட வந்து குடியேறிய ராஞ்சிக்காரர்கள் ஹிந்தியில் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் கோயிலில் அது வழக்கம்தான். லஸ்கர், தன் கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்திருந்தார். நாலு குரலும் எழும்பியதில் தகரக்கூரையே பாடுவது போலிருந்தது. அத்தை முக்காட்டுக்குள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது.

பிற்பாடு டீச்சர் வேலைக்குக் கார் நிக்கோபார் போனேன். அங்கே ஓர் அடக்கத்தில், பெட்டியின் மேல் மண் விழும்போது, ‘அபர்டீன் பஜார்’ கேட்டது. எங்கள் ஊரில் இதற்கு மட்டும்தான் இதைப் பாடுவோம் என்றார் பக்கத்தில் நின்றவர். லஸ்கரை அவருக்குத் தெரிந்திருந்தது. மனைவியின் குழியருகே இதைப் பாடிவிட்டுக் கப்பலேறிப் போனவராம்.

அவர்கள் கோயில் புத்தகம் முழுசாக இருந்தது. வலது மூலையில் இருந்த ஆர்கன்காரரின் பெயரைப் பெரியப்பாவுக்கு எழுதினேன். மற்றதை எழுதவில்லை. அத்தை இன்றைக்கும் அந்த ராகத்தை முணுமுணுத்துக்கொண்டுதான் தோசை சுடுகிறாள். அவளுக்கு அது கல்யாண ராகம். அப்படி ஆக்கித் தந்தவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று கடைசிச் சரணத்தில் அவர் குரல் மட்டும் நின்றுபோனது. பாவம், வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் என் பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தமிழ்ப் புத்தகம். அதைத் தலைகீழாகப் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.