லாட்ஜ் பூனையும் என் ரேபிஸ் பயமும்

1. கை போன இடம்

திருச்சானூரில் ஒரு லாட்ஜின் துணி ரூமில் சிட்டி என்ற பூனை என் வலது கையைக் கடித்தபோது, என் கழுத்தில் ‘பூனை நடத்தை ஆய்வு, கள உதவியாளர்’ என்று எழுதிய அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் இரண்டாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்த யாத்ரிகர் ஒருவர் “கோவிந்தா” என்று அலறியடித்து எழுந்தாராம். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொடுக்க முடியாது. முடிந்தாலும் கொடுக்க மாட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சித்தூர்க்காரன். பல வருஷம் மாட்டுத் தீவனம் விற்றவன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு திருப்பதியில் ஒரு சின்ன ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். வீடு, கடை, லாட்ஜ் என்று மனிதர்களோடு வாழும் பூனைகள் எப்படி நடந்துகொள்கின்றன, எது அவற்றுக்கு நிம்மதி, எது தொந்தரவு என்று பார்ப்பது எங்கள் வேலை. காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வால் நிமிர்ந்திருக்கிறதா, கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஸ்கோர் உண்டு. மாட்டுத் தீவனத்தில் இத்தனை நுணுக்கம் கிடையாது.

எங்கள் தலைவி டாக்டர் சுஹாசினி முதல் நாளே சொன்னது இது: “பூனை நம்மகிட்ட வரணும். நாம பூனைகிட்ட போகக்கூடாது. தரையில உட்காருங்க, கையைக் கீழ வைங்க, முறைச்சுப் பார்க்காதீங்க. வரலைன்னா ‘வரலை’ன்னு எழுதுங்க. அதுவும் டேட்டாதான்.”

இந்த வசனத்தை எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கூடவே, என்னிடம் வராத பூனை இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் அடித்தும் விட்டிருந்தேன். சிட்டி அதைப் படிக்கவில்லை. இரண்டு தடவை போயும் வரவில்லை.

மூன்றாவது தடவை போனபோது, அந்த லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் கோமளா வாசலிலேயே சொன்னார். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்.

“இப்பெல்லாம் ரிசப்ஷன் பக்கமே வர்றதில்ல சார். துணி ரூமுலயே கெடக்குது. சோறு வெச்சா லபக்குனு துன்னுட்டு உள்ள ஓடிப்பூடுது.”

“ஒடம்பு சரியில்லையா?”

“யாருக்குத் தெரியும்? எப்பவுமே குண்டு. நல்லாத்தான் கீது.”

துணி ரூமில் கடைசித் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய கம்பளிகளுக்கு மேல் சிட்டி படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் காதை மண்டையோடு ஒட்ட மடக்கிக்கொண்டது. கண் முழுக்கக் கறுப்பு. தொண்டைக்குள் ஓர் உறுமல். எங்கள் ஸ்கோரில் இதற்கு மேலே எண்ணே கிடையாது. நான் அந்த எண்ணை மனதுக்குள் சரியாகப் போட்டேன். போட்டுவிட்டு, கையை நீட்டினேன்.

2. தண்ணீர் டெஸ்ட்

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், உடனே ஊசிக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் செய்தேன். இடையில் செய்ததைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ரேபிஸ் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று எல்லோருக்கும் தெரியும். அது கடித்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆன பிறகு வருவது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரிசப்ஷனில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பயம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குடித்தேன். ஒன்று முடிந்தது. அடுத்ததை எடுத்தேன்.

கோமளா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா சார், தாகமா?”

“டெஸ்ட்.”

“பாஸா?”

“இது வரைக்கும்.”

மனைவிக்குப் போன் செய்தேன். சித்தூர் வீட்டுப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று தழுதழுத்த குரலில் சொன்னேன். “அது எனக்குத் தெரியும். நீங்க மொதல்ல ஆட்டோ ஏறுங்க” என்று வைத்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்குப் போய், ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். “இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா?” என்றார். பயத்தில் எதுவும் ஞாபகம் வராமல், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆதார் அட்டையை எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது, இந்த வேலையில் சேர்ந்த மாதம் எனக்குப் போட்ட முன்தடுப்பு ஊசிகளின் சீட்டு அவர் மேஜையில் விழுந்தது.

“ஏமண்டி, இது யாருது? உங்க பேருதானே கீது? எல்லா ஊசியும் போட்டுக்கினு இன்னாத்துக்கு இப்படி நடுங்குறீங்க? ரெண்டு பூஸ்டர் போட்டாப் போதும்.”

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். என் மானம் மட்டும் போனதோடு நின்றிருக்கும். ஆனால் கடித்த பூனையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அது இருக்கும் இடத்திலேயே விட்டு, தினமும் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். எனக்குப் போதவில்லை. அது என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அன்று மாலையே ஆபீஸிலிருந்து ட்ராப் கூண்டை வரவழைத்து, உள்ளே கருவாட்டை வைத்து, சிட்டியைப் பிடித்து, திருப்பதியில் எங்கள் ஆபீஸ் பின்னறையில் கொண்டுபோய் வைத்தேன்.

பூனை மிரளாமல் இருக்கக் கூண்டின் மேல் துணி போட வேண்டும். நானும் போட்டேன், தரை வரைக்கும். பூனை விஷயத்தில் அன்று நான் முறைப்படி செய்த ஒரே காரியம் அதுதான். அந்தத் துணிதான் பூனையின் வயிற்றை என் கண்ணிலிருந்து மறைத்தது.

3. குரூப்பில் போட்ட ஒலி

மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தபோது சிட்டி கத்திக்கொண்டிருந்தது. பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. தொண்டையிலிருந்து உருண்டு வரும் ஒரு குரல். கொஞ்சம் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கும், திரும்பக் கூப்பிடும். வைத்த மீனைத் தொடவில்லை.

குரல் மாறுவது ரேபிஸின் அறிகுறி என்று படித்திருக்கிறேன். போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, “குரல் மாற்றம். உணவு மறுப்பு. நேற்றைய ஆக்ரோஷம். மூன்றும் பொருந்துகிறது. என் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்” என்று குரூப்பில் போட்டேன். குழுவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஹைதராபாத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்த டாக்டர் சுஹாசினி உடனே கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, அந்தச் சத்தத்தை மூணு தடவை கேட்டேன். இது குட்டிங்களைக் கூப்பிடுற குரல். துணியத் தூக்கி வயித்தைப் பாருங்க.”

தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்புகள் சிவந்து வீங்கியிருந்தன. அடியில் விரித்திருந்த துணி பாலில் நனைந்திருந்தது.

“மேடம், பால்...” என்றேன்.

“எப்பப் பிடிச்சீங்க?”

“நேத்து சாயந்திரம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சின்னக் குட்டிங்கன்னா ராத்திரி முழுக்கப் பாலும் சூடும் இல்லாம தாங்குறது கஷ்டம். கூண்டோட கெளம்புங்க. போற வழியிலேயே லாட்ஜுக்குப் போன் போட்டுத் தேடச் சொல்லுங்க. பசும்பால் மட்டும் ஊத்த வேணாம்னு சொல்லுங்க” என்றார்.

4. பினாயில்

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனேன். சிட்டி வழி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னாய்யா, பூனையைக் கடத்திக்கினு போறியா?” என்று சிரித்தார். வழக்கமாக இதற்கு என்னிடம் நாலு பதில் இருக்கும். அன்று நான் கோமளாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் வாசலில் கோமளா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“துணி ரூமுல ஒண்ணும் இல்ல சார். நேத்து நீங்க ரேபிஸு ரேபிஸுன்னு கத்துனீங்க இல்ல, மேனேஜர் பயந்துக்கினு ரூமையே காலி பண்ணச் சொல்லிட்டாரு. பினாயில் ஊத்திக் கழுவுனோம். பழைய கம்பளியெல்லாம் கையாலகூடத் தொடாம, கொம்பால தள்ளி மூட்டை கட்டிப் பின்னாடி போட்டுட்டானுங்க பசங்க.”

“மூட்டை இருக்கா?”

“பழைய துணிக்காரன் இன்னும் வரல. போய்ப் பாருங்க.”

லாட்ஜுக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் மூட்டைகள் கிடந்தன. நானும் கோமளாவும் உட்கார்ந்து அவிழ்த்தோம். இரண்டாவது மூட்டையின் நடுவே, ஒரு நீலக் கம்பளியின் மடிப்பில் மூன்று குட்டிகள். கண் திறக்காதவை. இரண்டு ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. தொட்டதும் வாயைத் திறந்தன, சத்தம் வரவில்லை. மூன்றாவது கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. அதை உள்ளங்கையில் எடுத்ததும் கோமளா என் கையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரை மறுபடி போனில் கூப்பிட்டேன். “உயிரோட இருக்குறத உங்க சட்டைக்குள்ள வைங்க. ஒடம்புச் சூடு படட்டும். சூடு ஏறினப்புறம் அட்டைப் பெட்டில துணி போட்டு வெச்சு, தாயைத் திறந்து விடுங்க. விட்டுட்டு நீங்க தள்ளிப் போயிடணும். பாக்குறேன்னு நிக்கக்கூடாது.”

சட்டைக்குள் இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு லாட்ஜ் படியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று என் வயிற்றில் எதையோ தேடி முட்டியது. என்னிடம் அதற்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

பெட்டியை ஜெனரேட்டர் நிழலில் வைத்துக் கூண்டைத் திறந்தோம். சிட்டி பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் துணி ரூமுக்கு ஓடியது. அதற்குத் தெரிந்த இடம் அதுதான். உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. பினாயில் வாடையில், காலியான தட்டுகளுக்கு நடுவே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“பெட்டிய அங்க எடுத்துக்கினு போங்க” என்றார் கோமளா. “நீங்க வேணாம். குடுங்க, நான் போறேன்.”

பெட்டியைத் துணி ரூம் வாசற்படியில் வைத்துவிட்டு அவரும் விலகி வந்தார். நாங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்றோம். குரல் நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கோமளா எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“உள்ள ஏறிப் படுத்துக்கிச்சு. பால் குடிக்குதுங்க.”

மூன்றாவதை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டேன். அதையும் தாய்க்குக் காட்டச் சொன்னார். கோமளாதான் கொண்டுபோய் வைத்தார். சிட்டி அதை நக்கிக்கொண்டே இருந்ததாம். சாயந்திரம் அதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் கவ்விக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது.

அதை நான் லாட்ஜுக்குப் பின்னால் புதைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது ஜோக் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருந்தது.

5. இப்போது சொல்லிக்கொடுப்பது

சிட்டிக்கு ரேபிஸ் இல்லை. எனக்கும் இல்லை. இரண்டாவது பூஸ்டரையும் போட்டுக்கொண்டேன். கடி பட்டால் கழுவுங்கள், தாமதிக்காமல் ஊசிக்குப் போங்கள். அதில் எந்தச் சமாதானமும் வேண்டாம். அதற்கு அடுத்தது, நான் செய்யாதது. கூண்டைத் தொடுவதற்கு முன்னால், இந்தப் பூனை எதைக் காப்பாற்றக் கடித்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வயிற்றைப் பாருங்கள். அது படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். காதையும் வாலையும் படிக்கத் தெரிந்தவன் நான். அந்தப் பூனை தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் என்னிடம் சொன்னது. நான் என் உயிரைப் பற்றி மட்டுமே யோசித்தேன்.

அந்த லாட்ஜ் இப்போதும் ஆய்வில் இருக்கிறது. போன மாதம் கோமளாவுக்குப் போன் செய்து, குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தேன்.

“ஜோரா கீதுங்க சார். ரெண்டும் ரிசப்ஷன் மேஜை மேலதான் வெளையாடிக்கினு கீதுங்க. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்குறாங்க.”

“நான் வந்து ஒரு நாள் பார்க்கட்டுமா?”

“வாங்க சார், வராம இன்னா. ஆனா கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க. குட்டிங்கள எடுத்து உள்ள வெச்சிடுறேன்.”