திரும்பிப் பார்த்துவிட்டுச் சுட்டவர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்காகக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். வெள்ளிமலையிலிருந்து குழந்தையனின் மகள் செல்வி போனில் கூப்பிட்டாள். “மாமா, அப்பா காலையில கொல்லையில வுழுந்துட்டாரு. ஜீப்புல ஏத்தறதுக்குள்ளயே போயிட்டாருங்க,” என்றாள். அழவில்லை. எந்த பஸ்ஸுக்கு வருவேன் என்று மட்டும் கேட்டாள். ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஹவில்தார் குழந்தையனை வெள்ளிமலைக்காரர்களுக்குக் காது மந்தமான, சத்தமாகப் பேசுகிற, சாமை விதைக்கிற மனிதராகத்தான் தெரியும். எங்கள் படைப்பிரிவில் இருந்தவர்களுக்கோ அவர் ராக்கெட் லாஞ்சர்காரர். இரண்டு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒன்பது வருடம் அவர் தோளுக்குப் பின்னால் இருந்தவன் நான். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் பட்டாளத்துக்கு ஓடியவன். அங்கே எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சை நான் கேட்ட முதல் வாய் அவருடையது.

தோளில் தூக்கிவைத்து டாங்கியைச் சுடுகிற இரும்புக் குழாய் அது. பதினான்கு கிலோ இருக்கும். சுடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். குழாயைத் தாங்கிக் குறிபார்ப்பவர் ஒன்றாம் நம்பர், அது குழந்தையன். பின்பக்க மூடியைத் திறந்து குண்டைச் செருகி மூடிவிட்டு, பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துச் சொல்பவன் இரண்டாம் நம்பர், அது நான். குண்டு முன்னால் பாய்கிற அதே நொடியில் பின்பக்கமாகத் தீயும் காற்றும் சீறும். அங்கே யாராவது இருந்தால் பிழைப்பது கஷ்டம்.

ராஜஸ்தான் மணலில் பயிற்சியின் முதல் நாள், எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாத் குழாய்க்குப் பின்னால் ஒரு காலி மரப்பெட்டியை வைத்துவிட்டுச் சுட்டுக் காட்டினார். தூரத்தில் நின்ற பழைய டாங்கியில் குண்டு பட்டதும் எல்லோரும் கைதட்டினோம். குழந்தையன் மட்டும் பின்னால் திரும்பி, சிராய் சிராயாகக் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முன்னாடி போறத வுடு பாய். பின்னாடி இன்னா ஆயிருக்குது பாத்தியா?” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பிடிவாதம் ஆகிவிட்டது. பயிற்சியில் கேட்க வேண்டிய வார்த்தைகள் வேறு. அவரோ ஒவ்வொரு முறையும் தமிழில், “பின்னாடி ஆளு கீதா பாய்?” என்று கேட்பார்; எங்கள் பக்கத்தில் ‘கீதா’ என்றால் ‘இருக்கிறதா’. உஸ்தாத் குழாயைத் தலைக்கு மேல் தூக்கவைத்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். மலையில் பிறந்த உடம்பு, சிரித்துக்கொண்டே ஓடினார். நாலாம் நாள் உஸ்தாத், “இவனை ஓடவிட்டு எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது,” என்று இந்தியில் சொல்லி விட்டுவிட்டார்.

விடுமுறைக்கு ஒன்றாகவே வருவோம். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ஒருமுறை என் தங்கைகள் கேட்டார்கள் என்று கோரைப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்து, கூடத்தில் மண்டியிட்டு, எப்படிச் சுடுவது என்று காட்டினார். நான் பின்னாலிருந்து சொம்பைச் செருகினேன். அடுத்த அறையிலிருந்து வந்த என் அத்தா பாய்க்கு நேர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். குழந்தையன் பாயை இறக்கிவிட்டார். “அத்தா, தள்ளி நில்லுங்க. அங்க நின்னா நான் அடிக்க மாட்டேன்.” அத்தா தள்ளி நின்ற பிறகுதான் “டம்” என்றார். அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அடிக்கடி கேட்டதில்லை.

இனி எழுதப்போவதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

கார்கில் சண்டையில் எங்களுக்கு முன்னால் ஒரு முகடு. அதில் எதிரி கல்லடுக்கிக் கட்டிய பங்கர். அதிலிருந்த எந்திரத் துப்பாக்கி இரண்டு நாளாக எங்களை அசையவிடவில்லை. அந்த உயரத்தில் டாங்கி ஏது? டாங்கிக்காக வந்த ஆயுதத்தைப் பங்கரின் துவாரத்தைப் பார்த்துத் திருப்பும்படி உத்தரவு. நன்றாக விடிந்ததும் ஒரு பாறை மறைவுக்குத் தவழ்ந்து போனோம். குண்டைச் செருகி மூடினேன். அவர் கேட்டார்: “பின்னாடி ஆளு கீதா பாய்?”

தோட்டாக்கள் பாறையில் பட்டுக் கல் தூள் முகத்தில் அடித்தது. நான் தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, “இல்ல, அடி,” என்றேன்.

அவர் அடிக்கவில்லை. குழாயை இறக்கிவிட்டுத் திரும்பினார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில், குழாய்க்கு நேர் பின்னால், ஒரு சிப்பாய் இன்னொருவரை முதுகில் போட்டுக்கொண்டு குனிந்து வந்துகொண்டிருந்தார். முதுகில் இருந்தவர் மணலூர்பேட்டை தணிகாசலம், முழங்காலில் அடிபட்டவர். கீழேயிருந்து அதிகாரி ஏன் இன்னும் சுடவில்லை என்று கத்தினார். குழந்தையன் குழாயை எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் மறைவே இல்லாத சரிவுக்கு நகர்ந்தார். மண்டியிட்டார். சுட்டார். துவாரம் புகையால் மூடிக்கொண்டது, துப்பாக்கி அடங்கியது. ஆனால் அதற்குள் ஒரு தோட்டா அவர் தோளில் இறங்கியிருந்தது.

மறைவை விட்டு ஏன் வெளியே போனாய் என்று ஆஸ்பத்திரியில் அதிகாரி கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். “அங்கேர்ந்து குறி சரியா தெரியல சார்,” என்றார் குழந்தையன். அதற்குப் பிறகு அந்தக் கையை அவரால் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

இருவரும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். “அன்னிக்கு நான் பாக்காமலே இல்லன்னு சொல்லிட்டேன்.” அவர் காதைக் கிட்டே கொண்டுவந்து, “இன்னா?” என்றார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். குழந்தையன் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார். “நீ இன்னா சொன்னேன்னே அன்னிக்கு எனக்குக் காதுல வுழல பாய். அதான் திரும்பிப் பாத்தேன். பாரு, சக்கரைய ஜாஸ்தி போட்டுட்டான்,” என்றார். அன்றைக்கு அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன மாதம் வெள்ளிமலையில் குழந்தையனுக்கு மண் போட்ட பிறகு, ஓரமாகக் கல்லில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்திடம் போனேன். தனக்காகத்தான் குழந்தையன் குழாயை இறக்கினார் என்பது அவருக்குத் தெரியும். நான் சொன்ன பொய் தெரியாது. சொன்னேன். வெகுநேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார். “வருசா வருசம் கரும்பு எத்துகினு வந்து பாத்துட்டுப் போவேன். ஒரு தபாகூட உன்னப்பத்தி வாயத் தெறக்கலியே அவரு,” என்றார். பிறகு எழுந்திருக்கக் கை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். கீழே இறங்குகிற பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

குழந்தையனுடைய பதக்கமும் சீருடைப் படமும் செல்வியிடம் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு முகம். அன்று குழாயை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, பின்னால் வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன் அவர் என்னைத்தான் பார்த்தார். அரை நொடிகூட இருக்காது. அதில் கோபம் இல்லை. என்னைப்போலவே பயந்துபோயிருந்த முகம்தான் அது.